மகளுக்கு 'வள்ளி' என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோப்பாய். மூன்று கிழமைக்கு முன் மகள் பிறந்தாள், ரோகிணி நட்சத்திரம், ஓ, வ, வி, வு எழுத்துகளில் பெயர் தொடங்க வேண்டும். எனக்கு உடனே வந்தது அம்மம்மாவின் பெயர்தான். வள்ளி என்றால் கொடி, கிழங்கும்தான். கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பிள்ளை என்பதால் வேடர் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று, கோயிலில் கந்தபுராணப் படிப்பில் பயன் (பாட்டின் பொருள்) சொன்னதை அம்மம்மாவின் மடியில் இருந்து கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டில் பலருக்கு விருப்பமில்லை. ஷா, ஷி என்று முடிகிற, பொருள் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாத பெயர்களைத்தான் எடுத்துத் தருகிறார்கள். கனடாவில் இருக்கிற அக்கா மட்டும், அங்கே தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடுவதால் பிள்ளைக்கென்று தனியாக இருப்பது இந்த ஒரு பெயர்தான், யோசித்து வை என்றார். அது மனதிலேயே நிற்கிறது.

உங்களில் யாராவது இப்படிப் பழைய பெயரோடு வளர்ந்தீர்களா? பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணினார்களா, பிறகு பெயர் பிடித்துப்போனதா? வள்ளியோடு சேர்க்க நல்ல தமிழ்ச் சொல் இருந்தாலும் சொல்லுங்கோ. பெயர் வைக்கிற 31ஆம் நாளுக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது.