ஃப்ரீபிஎஸ்டி: ஆர்எம் லாக்கை வாசிப்புக்குப் பிடித்தபடி தூங்கலாமா?

வெள்ளவத்தைப்_பொடியன்
ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் கேர்னலுக்கு (அதன் மையப் பகுதிக்கு) ஒரு மொடியூல் எழுதுறன். தடைசெய்த ஐபிகளின் அட்டவணையை ஒவ்வொரு பக்கெட்டும் பார்க்கும்; மாற்றம் எப்பவாவதுதான். அதனால் ஆர்எம் லாக் (ரீட்-மோஸ்ட்லி: வாசிப்பு மிக அதிகம், எழுத்து அரிது என்ற தரவுக்கான பூட்டு). அட்டவணையை யூசர் பக்கம் காட்டும் சிஸ்சிடிஎல் ஹாண்ட்லரில், வாசிப்பு லாக்கோடு சிஸ்சிடிஎல்_அவுட் (தரவை யூசர் மெமரிக்கு நகலெடுப்பது; அந்தப் பேஜுக்காகத் தூங்க, அதாவது நின்று காத்திருக்க, நேரலாம்) கூப்பிட்டால் விட்னஸ் (லாக் விதிமீறலைப் பிடிக்கும் கேர்னல் சோதனை) கத்துது. லாக்கை இனிட் பண்ணேக்க ஆர்எம்_ஸ்லீப்பபிள் கொடி குடுத்தால் சரிவருமா?

கொட்டாஞ்சேனை_ரூட்
சரிவராது தம்பி. அந்தக் கொடி தூங்க விடுவது எழுதுபவரை மட்டும். வாசிப்பவர் எந்த வகையிலும் தூங்கக்கூடாது. இன்னொரு ஸ்லீப்பபிள் லாக் தேவைப்பட்டாலும் ட்ரை வகையில்தான் (கிடைக்காவிட்டால் காத்திராமல் திரும்பும் முறை) கேட்கலாம்.

காரணம் இது. எழுத வருபவர் ஒவ்வொரு வாசகரும் வெளியேறும்வரை காத்திருப்பார். காக்கும்போது தன் ப்ரயோரிட்டியை வாசகருக்குக் கடன் கொடுத்து அவரைச் சீக்கிரம் ஓடி முடிக்க வைப்பார். வாசகர் டிஸ்க்கில் இருந்து ஒரு பேஜ் வரும் என்று படுத்துக் கிடந்தால் அந்தக் கடனால் என்ன பலன்? விட்னஸ் இல்லாத ரிலீஸ் கேர்னலில் இது பல நாள் சத்தமில்லாமல் ஓடும். யூசர் பேஜ் மெமரியில் இல்லாத நேரமும் எழுதுபவர் வரும் நேரமும் ஒன்றாக அமையும் அன்றைக்குப் பெட்டி விழும்.

அந்தக் கொடியால் உங்களுக்கு நட்டமும் உண்டு. லாக் வரிசை எஸ்எக்ஸ் லாக்கின் (பிடித்தபடி தூங்கக்கூடிய லாக்) விதிக்கு மாறிவிடும்: மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் லாக்) பிடித்த கையோடு இதை எடுக்க முடியாது, நெட்வேர்க் எப்போக்குக்குள்ளும் (பக்கெட்டைக் கையாளும், தூங்கக்கூடாத பகுதி) ஆகாது. பக்கெட் பாதையே அங்கேதானே இருக்கிறது.

அட்டவணை சிறிதென்றால், லாக் எடுக்க முன்னரே சிஸ்சிடிஎல்_வயர்_ஓல்ட்_பஃபர் கூப்பிடுங்கள், நீளம் 0 கொடுத்தால் முழு பஃபரும் வயர் ஆகும் (மெமரியிலேயே பூட்டி வைக்கப்படும், அதனால் நகலெடுக்கையில் தூங்க நேராது). அது திருப்பித் தரும் எரர் கோடைப் பார்க்காமல் விடாதீர்கள். பெரிதென்றால் லாக்கோடு எண்ணிக்கையைக் குறித்து, லாக்கை விட்டு, எம்_வெயிட்டோகேயில் (கிடைக்கும்வரை தூங்கக்கூடிய முறை) மெமரி எடுத்து, மறுபடி லாக் பிடித்து நகலெடுங்கள். இடையில் அட்டவணை வளர்ந்திருந்தால் ஃப்ரீ செய்துவிட்டு முதலிலிருந்து. யூசருக்கு அனுப்புவது லாக்கை விட்ட பிறகுதான்.

தெமட்டகொட_ஷெல்
ட்ராக்கரையும் (லாக்கை வாசிப்புக்கு எடுப்பவரைக் குறித்து வைக்கும் சிறு ஸ்ட்ரக்ட்) பாருங்கோ. ஒவ்வொரு வாசிப்புக்கும் ஸ்டாக்கில் தனி ட்ராக்கர். அன்லாக்குக்கும் அதே ட்ராக்கர், அதே த்ரெட். ஸ்டாட்டிக்காக ஒன்றை வைத்து எல்லாரும் பகிர்ந்தால் சிபியு வாரியான பட்டியல் குலைந்துபோகும். ஆர்எம்_ரிகர்ஸ் போட்டு ஒன்றுக்குள் ஒன்றாக எடுத்தாலும் இரண்டாவதற்கு இரண்டாவது ட்ராக்கர்.

வெள்ளவத்தைப்_பொடியன்
நன்றி. வயர் வழிதான் எடுக்கிறன். ஐபி ஒவ்வொன்றாகச் சேர்க்கேக்க ஒவ்வொரு தடவையும் எழுத்து லாக் எடுத்தால் பரவாயில்லையா?

கொட்டாஞ்சேனை_ரூட்
வேண்டாம். வாசிப்பு டோக்கன் (லாக்கை வேகமான பாதையில் எடுக்கும் உரிமை) வைத்திருக்கும் சிபியு எல்லாவற்றுக்கும் ஐபிஐ (ஒரு சிபியு மற்றதற்கு அனுப்பும் இன்டரப்ட்) போகும். விஐபி ஒருவர் போக காலி வீதிச் சந்திகளையெல்லாம் மறிக்கிற மாதிரி. பிறகு ஒவ்வொரு சிபியுவிலும் முதல் வாசகர் மெதுவான பாதையில்தான் போவார். மாற்றங்களைச் சேர்த்து ஒரே எழுத்து லாக்கில் முடியுங்கள். அடிக்கடி மாறும் அட்டவணை என்றால் சாதாரண ஆர்டபிள்யூ (வாசிப்பு/எழுத்து) லாக்கே மேல்.