குந்தா அணைச் சேறு: மழையின் குற்றமா, நம்முடையதா?

கேத்திக்காரன்:
நம் நீலகிரிக் குந்தா அணையில் சேறு நிறையக் கேரட் தோட்டம்தான் காரணம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதே, அதையும் நான்தான் வரவழைத்தேனா? அங்கே கேரட் ஏது? காட்டுச் சரிவே இடிந்து விழுந்தது.

பழைய மின்வாரியம்:
தம்பி, அந்த ஒரு நாளை விடுங்கள். சாதாரணக் கோடை மழைக்கே தோட்டத்து ஓடை செம்மண்ணாக ஓடும். அதே மழையில் சோலைக்காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடை தெளிந்திருக்கும். மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் ஒவ்வொரு பாத்தியும் வாய்க்கால்தான்.

கேத்திக்காரன்:
குறுக்கே பிடித்தால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகுகிறது ஐயா. படித்தட்டு கட்டலாம் என்றால் நிலம் குத்தகை. அடுத்த ஆண்டு யார் கையிலோ!

குன்னூர் டீச்சர்:
சேற்றையே பேசுகிறீர்கள், ஓடைகள் வற்றுவதை விட்டுவிட்டீர்கள். ஊட்டி மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் 1972-இல் பாதிக்கு மேல் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டார்கள். முதல் பத்தாண்டிலேயே மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. வேர்தான் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததே. கோடையில் ஓடையை ஓட வைப்பது புல்வெளியும் பள்ளத்துச் சதுப்பும் பிடித்துவைத்து மெல்ல விடும் நீர். அந்தப் புல்வெளியைத்தான் வீண் நிலம் என்று எண்ணி, விறகுக்குக் கற்பூரத்தையும் தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை (வாட்டில்) மரத்தையும் நட்டு மூடினோம்.

கேத்திக்காரன்:
ஆக, அரசு நட்ட மரம் நீரைக் குடித்தது. ஏச்சு மட்டும் விவசாயிக்கு. நல்ல நியாயம்!

பழைய மின்வாரியம்:
அவசரப்பட்டு வெட்டிவிடவும் முடியாது டீச்சர். சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய இடம் வெயில் பட்டதும் மொத்தமாக முளைக்கும். அதற்குள் மழை வந்தால் வெறும் சரிவு மண்ணெல்லாம் அணைக்கு.

மாயாற்றங்கரை:
மலைமேல் இருப்பவர்களே, கீழேயும் கொஞ்சம் பாருங்கள். நான் மாயாற்றங்கரைத் தெங்குமரஹாடா ஊர்க்காரன். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். மேலே மின்நிலையம் ஓடுகிறது என்று புரிந்துகொள்வோம். நிறுத்தினால் பாறை தெரியும். மஹ்சீர் கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும் மீன். காலையில் மூழ்கி மாலையில் காயும் கல்லில் அது என்ன செய்யும்? வண்டலும் மேலே அணையில் தங்கிவிடுகிறது.

பழைய மின்வாரியம்:
1932-இல் இதே மலையின் பைக்காரா நீர்மின்சாரம் வந்திராவிட்டால் கோவை மில்கள் இப்படி வளர்ந்திருக்குமா?

மாயாற்றங்கரை:
வளரட்டும் ஐயா. நாளை எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று உங்கள் பழைய நண்பர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? அம்மாவைப் பரிசலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும்.