அக்கா கொடுக்கும் பழைய கட்டிலா, புதிய காட் பெட்டா? குழந்தைக்கு எது பாதுகாப்பு, எது சுகம்?

மழைத்துளி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். இன்னும் இரண்டு மாதங்களில் எங்கள் முதல் குழந்தை பிறக்க இருக்கிறது. கட்டில் விஷயத்தில் மட்டும் நானும் கணவரும் ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருக்கிறோம். எங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கணவரின் அக்கா தன் பிள்ளைகளுக்குப் பயன்படுத்திய மரக் கட்டில். அதன் ஒரு பக்கக் கிராதி கீழே இறங்கும். உள்ளே நாலாபுறமும் கட்டுவதற்குப் பஞ்சுத் திண்டும், கை வைத்தால் அமிழ்கிற மெத்தையும் உண்டு. இரண்டாவது, 120×60 செ.மீ. மெத்தை போடுகிற சாதாரணக் குழந்தைக் கட்டில். மூன்றாவது, 140×70 செ.மீ. மெத்தையுடைய காட் பெட்; பிறகு பக்கங்களைக் கழற்றிவிட்டால் நான்கைந்து வயது வரை பிள்ளை அதிலேயே படுக்கலாம் என்கிறார்கள். எங்கள் படுக்கையறை சிறியது. அக்காவின் கட்டில் பார்த்தவுடனே தூக்கம் வரும்போல இருக்கிறது. புதியவையோ வெறும் சட்டமும் பலகை மாதிரி மெத்தையுமாகத் தெரிகின்றன. எதை எடுப்பது?

நிலாமுற்றம் எழுதியது:
வாழ்த்துகள் மகளே. மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அக்காவின் கட்டிலை வாங்கிக்கொள். பத்து மாதம் வயிற்றுக்குள் கதகதப்பாகச் சுருண்டு கிடந்த உயிரைத் திடீரென்று ஒரு கெட்டியான பலகையில் கிடத்தினால் அது அழாமல் என்ன செய்யும்? சுற்றிலும் திண்டு இருந்தால் தலை கட்டையில் இடிக்காது, காற்றும் அடிக்காது. இறங்கும் பக்கத்தின் அருமை பிரசவித்தவளுக்குத்தான் தெரியும். வயிற்றில் தையலோடு உயரமான சட்டத்துக்கு மேலாகக் குனிந்து குழந்தையை எடுப்பது எளிதன்று. இப்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் பயமுறுத்துகிறார்கள். எங்கள் காலத்தில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறக் கிடத்தச் சொன்னார்கள்; இப்போது மல்லாக்க என்கிறார்கள்; நாளைக்கு என்ன சொல்வார்களோ!

உளிச்சத்தம் எழுதியது:
நான் மரவேலை செய்கிறவன். குழந்தைக் கட்டில்கள் பழுதுபார்க்க வரும். ஆகவே மெத்தையைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். இறங்கும் பக்கத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். அந்தப் பக்கம் ஒரு தடத்தில் ஏறி இறங்குகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் சிறிய பிளாஸ்டிக் கொக்கிகள். நாளடைவில் கொக்கி தேயும், மரம் சுருங்கும், திருகு தளரும். ஒருமுறை என்னிடம் வந்த கட்டிலில் கீழ்மூலை தடத்தைவிட்டு அரை விரலளவு வெளியே வந்திருந்தது. மேலிருந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகப் பூட்டியதுபோலவே தெரிந்தது. ஒரு மணல் பையை உள்ளிருந்து சாய்த்துப் பார்த்தேன். கிராதி வெளிப்பக்கமாக விலகி, மெத்தைக்கும் அதற்கும் நடுவே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி திறந்தது. பையை எடுத்ததும் கிராதி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. குழந்தையின் உடல் இறங்கித் தலை மாட்டிக்கொள்வது அப்படியோர் இடத்தில்தான். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் குறைந்தது 32 குழந்தைகள் இவ்வகைக் கட்டில்களால் இறந்ததாகக் கணக்கிட்டு, 2011 ஜூன் 28 முதல் அவற்றைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தார்கள். அம்மா சொல்லும் குனியும் சிரமம் உண்மைதான். அதற்கு வேறு வழி இருக்கிறது: முதல் மாதங்களில் மெத்தைத் தளத்தை மேல் நிலையில் பொருத்திக்கொள்ளலாம்.

நிலாமுற்றம் எழுதியது:
தம்பி, நீங்கள் பார்த்தது பழுதான கட்டில். பழுதானதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதுதானே வழக்கம்? நாலு திருகை முடுக்கினால் தீர்கிற விஷயத்துக்கு ஒரு நல்ல மரக் கட்டிலைக் குப்பையில் போடச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

உளிச்சத்தம் எழுதியது:
எந்தப் பொருளையும் தூக்கிப் போட எனக்கு மனம் வராது அம்மா. அது என் தொழில் புத்தி. ஆனால் இங்கே நானாகவே ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி செய்து மாட்டினால் அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கே தெரியாது. திருகு மரத்தில் நேரடியாக இறங்கியிருந்தால் ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் துளை பெரிதாகிறது. முடுக்கிய அன்று நிற்கும், மறுமாதம் ஆடும். மழைத்துளி, அந்தக் கட்டிலில் இரண்டு அளவுகளை எடுத்துப் பாருங்கள். ஒன்று, கிராதிச் சட்டங்களுக்கு இடையிலுள்ள தூரம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 716 இதை 45 முதல் 65 மி.மீ.க்குள் வைக்கிறது, அமெரிக்க விதிப்படி ஏறத்தாழ 60 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் குழந்தையின் இடுப்பு நுழைந்து தலை மட்டும் நின்றுவிடலாம். மிகக் குறுகலாக இருந்தாலும் கை கால் சிக்கிக்கொள்ளும் என்பதால்தான் ஐரோப்பியர் கீழ் எல்லையும் வைத்திருக்கிறார்கள். மற்றொன்று, மெத்தையின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்து. அதில் உங்கள் இரண்டு விரல்களுக்கு மேல் நுழைந்தால் மெத்தை அந்தக் கட்டிலுக்கு உரியதன்று.

வெள்ளைத்தாள் எழுதியது:
நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். குப்புறவா மல்லாக்கவா என்று நிலாமுற்றம் அம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கட்டில் தேர்வின் மற்ற விதிகள் பலவும் அதனோடு பிணைந்தவை. அந்த மாற்றம் யாருடைய மனப்போக்காலும் வந்ததன்று. 1987க்கும் 1990க்கும் இடையில் நியூசிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு, குப்புறப் படுக்கும் குழந்தைகளுக்கே திடீர்ச் சிசு மரணத்தின் (நலமாக இருந்த குழந்தை தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோவதன்) ஆபத்து மிகுதி என்பதை உறுதிப்படுத்தியது. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குப்புறக் கிடத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994இல் அதற்கென ஒரு பெரிய பிரசாரமும் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கு அவ்வகை மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் போய்விடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன; கக்கியது மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழலுக்குள் போக முடியும்.

இனி மெத்தைக்கு வருகிறேன். கை வைத்தால் அமிழ்கிற மெத்தையில் குழந்தை முகத்தைத் திருப்பினால் மூக்கைச் சுற்றி ஒரு குழி விழுகிறது. தான் வெளிவிட்ட மூச்சையே அக்குழிக்குள் மீண்டும் மீண்டும் இழுக்கும்போது கரியமில வாயு கூடி, ஆக்ஸிஜன் குறைகிறது. நமக்கென்றால் உடனே விழிப்புத் தட்டும், தலையைத் திருப்பிக்கொள்வோம்; சில வாரக் குழந்தைக்குக் கழுத்தில் அந்த வலு இல்லை. பஞ்சுத் திண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அக்காவின் மெத்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2002இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு, முன்பு வேறு குழந்தை பயன்படுத்திய மெத்தைக்கும், குறிப்பாக வேறு வீட்டிலிருந்து வந்த மெத்தைக்கும், திடீர்ச் சிசு மரணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனாலும் மரச் சட்டத்தைக் கடன் வாங்கினாலும் மெத்தையைப் புதிதாக வாங்குங்கள் என்றே நான் சொல்வேன்.

நிலாமுற்றம் எழுதியது:
படித்தவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மல்லாக்கவே கிடத்திய என் பேத்திக்குப் பின்மண்டை தட்டையாகிவிட்டதே, அதற்கு யார் பொறுப்பு? கெட்டி மெத்தைதானே காரணம்? இன்னொன்று, அவள் புரண்டு புரண்டு கட்டையில் தலையை இடித்துக்கொண்டு அழுவாள். திண்டு வைத்த பிறகுதான் வீட்டில் எல்லோரும் தூங்கினோம். வலைத்துணியில் செய்தது இருக்கிறது, அமெரிக்காவின் தடையே அதைத் தொடவில்லை என்று மருமகன் சொன்னார்.

வெள்ளைத்தாள் எழுதியது:
பின்மண்டை தட்டையாவது உண்மை. மல்லாக்கக் கிடத்தும் பழக்கம் பரவிய பிறகு அது கூடுதலாகக் காணப்படுகிறது என்பதை நாங்கள் மறைப்பதில்லை. ஆனால் அதற்கு மருந்து மெத்தையிலோ தலையணையிலோ இல்லை. விழித்திருக்கும் நேரத்தில், நாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே, குழந்தையைக் குப்புறக் கிடத்தி விளையாட விடுவது ஒன்று; கட்டிலில் ஒருநாள் தலை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று மாற்றிக் கிடத்துவது மற்றொன்று. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள திசைக்கே குழந்தை எப்போதும் திரும்பும் என்பதால் இரண்டாவது நன்றாகவே பயன் தரும்.

உங்கள் மருமகன் சொன்னது சரிதான். 2022இல் இயற்றிய சட்டம் பஞ்சுத் திண்டுகளைத் தடை செய்கிறது. பஞ்சில்லாத வலைத்துணியை விட்டுவைத்திருக்கிறது. சட்டம் விட்டுவைத்த ஒரே காரணத்துக்காக அது தேவையாகிவிடாது. அதன் கட்டுநாடா அவிழ்ந்து தொங்கினால் அதுவே ஓர் ஆபத்து. தலையில் சிறு புடைப்பு ஓரிரு நாளில் அடங்கிவிடும், கிராதியில் மாட்டிய காலைப் பெரும்பாலும் குழந்தையே இழுத்துக்கொள்ளும். மூச்சு அடைத்தால் மட்டும் அது அழக்கூட முடியாது.

பகல்கனவு எழுதியது:
விவாதம் பழைய கட்டிலிலேயே நின்றுவிட்டது. புதியவற்றுள் எது என்பதும் கேள்விதானே? நாங்கள் 140×70 எடுத்தோம், வருத்தமில்லை. கணக்குப் போட்டால் சிறியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இடம் கூடுதல். பிள்ளை ஒரு வயதுக்குப் பிறகு கடிகார முள்போலச் சுழன்று தூங்குகிறான். சிறிய கட்டிலாக இருந்தால் இரவெல்லாம் முட்டிக்கொண்டிருப்பான். பக்கங்களைக் கழற்றினாலும் மெத்தையும் மணமும் பழகியவையாகவே இருக்கும் என்பதால் பிள்ளைக்கு மாற்றம் தெரியாது. ஒரே முறை வாங்கினால் போதும் என்பது சிறிய விஷயமா?

வெள்ளைத்தாள் எழுதியது:
பிள்ளை வளர்ந்த பிறகு அது வசதிதான். ஆனால் மழைத்துளியின் படுக்கையறை சிறியது என்பதை மறந்துவிட்டீர்கள். முதல் ஆறு மாதங்களாவது குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் தனக்கென்று தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். திடீர்ச் சிசு மரணங்களில் பத்தில் ஒன்பது அந்த ஆறு மாதங்களுக்குள்தான் நேர்கின்றன. பெரிய கட்டில் அந்த அறையில் அடங்காமல் அடுத்த அறைக்குப் போய்விட்டால், நாலாம் வயதின் வசதிக்காக முதல் ஆறு மாதங்களின் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததாகிவிடும். 140 என்பது மெத்தையின் நீளம் மட்டுமே. மரத்தின் கனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பகல்கனவு எழுதியது:
நியாயமான கேள்வி. எங்கள் அறையில் இடம் இருந்தது, அதனால் எனக்கு அது தோன்றவில்லை. என்றாலும் 120 செ.மீ. கட்டிலை ஒரு வருடத்தில் விற்க வேண்டிவரும் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாதல்லவா, அதையும் யாராவது சொல்லுங்கள்.

உளிச்சத்தம் எழுதியது:
சொல்கிறேன். பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 90 செ.மீ. ஆகும் வரையிலோ, அதற்கு முன்பே சட்டத்தின் மேல் கால் போட்டு ஏற முயலும் வரையிலோ அதில் படுக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வயதைத் தாண்டும். ஏறுவதைத் தள்ளிப்போடுவது தளத்தின் உயரம். குழந்தை உட்காரத் தொடங்குமுன் தளத்தை ஒரு படி இறக்க வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்குமுன் அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். ஈஎன் 716இன்படி அடிமட்ட நிலையில் தளத்திலிருந்து சட்டத்தின் மேல்விளிம்பு வரை 60 செ.மீ.யாவது இருக்க வேண்டும். சுகமாக இருக்கட்டும் என்று கனமான மெத்தையைப் போடுகிறவர்கள் அந்த 60 செ.மீ.யைத்தான் தின்றுவிடுகிறார்கள். மெத்தையின் மேல்மட்டம் எதுவரை வரலாம் என்பதற்குக் கட்டிலின் உள்பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கடையில் அதைத் தேடிப் பாருங்கள், விற்பவருக்கே பல நேரம் தெரியாது.

காட் பெட் எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். கழற்றிப் பூட்டுவதற்கென்றே செய்த சாமான் அது. ஆகவே போல்ட் போய் உலோக நட்டில் பூட்டுகிற அமைப்பாக இருக்க வேண்டும், வெறும் மரத் துளையில் இறங்கும் திருகாக இருக்கக் கூடாது.

மழைத்துளி எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அக்கா வீட்டுக்குப் போய் அளவுநாடாவுடன் உட்கார்ந்தோம். சட்டங்களின் இடைவெளி ஓரிடத்தில் 62 மி.மீ., மற்றோரிடத்தில் 71 மி.மீ.; ஒரு சட்டத்தைக் கையால் திருப்பினால் அது தன் குழியிலேயே சுழல்கிறது. மெத்தையின் தலைமாட்டுச் சந்தில் கணவரின் நான்கு விரல்களும் நுழைந்தன. இறங்கும் பக்கத்தின் கொக்கிகளில் ஒன்று இல்லவே இல்லை. அந்த இடத்தில் அக்கா துணிக் கயிறு கட்டியிருக்கிறார். அவர் முகம் வாடிப்போனது. பிறகு அவரே, அந்தக் கயிறு கட்டிய பிறகும் தன் இரண்டாவது பிள்ளை அதில் ஒரு வருடம் தூங்கினான் என்று மெல்லச் சொன்னார். அறையையும் அளந்தோம், பெரிய கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது. ஆகவே 120×60, கெட்டியான புது மெத்தை, இரண்டு விரிப்புகள், அவ்வளவுதான். குளிருக்கு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

வெள்ளைத்தாள் எழுதியது:
போர்வைக்குப் பதிலாகக் கைகள் வெளியே இருக்கும் தூக்கப் பை போதும். கழுத்துப் பகுதி தலைக்கு மேல் ஏறாத அளவில் எடுங்கள். குளிர்கிறதா என்று கையையோ காலையோ தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:
கயிறு கட்டிய கட்டில் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன் மகளே. அந்தப் பலகை மெத்தை சுகம் என்று மட்டும் என் வாயால் வராது. அது இருக்கட்டும், அக்காவின் கட்டிலை என்ன செய்யப் போகிறீர்கள்? தேக்காக இருந்தால் வீணாக்காதீர்கள்.

உளிச்சத்தம் எழுதியது:
முழுதாக வாசலில் வைக்காதீர்கள். தேவைப்படுகிற யாராவது எடுத்துப்போய் மீண்டும் ஒரு குழந்தையைக் கிடத்திவிடுவார்கள். பிரித்துச் சட்டம் சட்டமாக என்னிடம் கொடுத்தால், தேக்கோ இல்லையோ, அக்காவுக்கு இரண்டு முக்காலிகள் செய்து தருகிறேன்.