ஸ்ப்ராட்லி தீவுகள் யார் கையில்?

கேள்வி (ராயபுரம்):
அண்ணே, தென் சீனக் கடல்ல ஸ்ப்ராட்லி தீவுகளை ஆறு தரப்பு கேட்குதே, இப்ப எது யார்கிட்ட இருக்கு? சிங்கப்பூர்ல இருந்து ஹாங்காங் போற கப்பல் அதுக்குள்ள நுழையுமா?

பதில் (காசிமேடு):
நுழையாது தம்பி. கடல் வரைபடத்திலேயே 'ஆபத்தான பகுதி'ன்னு போட்டிருக்கும். ஆழத்துல இருந்து சுவர் மாதிரி எழும்புற பவளப்பாறைங்க, அளவீடும் அரைகுறை. ஆழமானி எச்சரிக்கிறதுக்குள்ள தட்டிடும். மேற்கால சுத்திப் போறதுதான் வழக்கம்.

பதில் (திருவொற்றியூர்):
இயற்கைத் தீவுகளில் பெரியதான இட்டு அபா தைவானிடம். பாக்-ஆசா பிலிப்பைன்ஸிடம். எண்ணிக்கையில் அதிக இடம் வியட்நாமிடம். சுவாலோ பாறை மலேசியாவிடம். புருனே உரிமை கோருகிறது, ஆள் நிறுத்தவில்லை. சீனா 1988-இல் வியட்நாமோடு மோதி ஜான்சன் தெற்குப் பாறையையும், 1995-இல் மிஸ்சீஃப் பாறையையும் பிடித்தது. 2013-க்குப் பிறகு மணல் உறிஞ்சிக் கொட்டி மேடாக்கி, மூன்று இடங்களில் ஓடுதளமும் போட்டது.

பதில் (தண்டையார்பேட்டை):
மேடாக்கினால் கடல் உரிமை அதிகமாகாது, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஐ.நா. கடல் சட்டப்படி இயற்கை நிலைதான் கணக்கு. உயர் ஓதத்தில் மூழ்கினால் தனிக் கடலெல்லை கிடையாது; வெறும் பாறைக்கு 12 கடல் மைல்; மனிதர் வாழத்தக்க தீவுக்கு 200. சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் பன்னாட்டு நடுவர் மன்றம் 2016 ஜூலை 12-இல் தந்த தீர்ப்பு, இட்டு அபாவையே 'பாறை' என்றது. மண் யாருக்குச் சொந்தம் என்பதை அது தொடவேயில்லை. தீர்ப்பைச் சீனா ஏற்கவுமில்லை.