நீர் உருவகப்படுத்தல்: பாகுநிலை எண் நிலைக்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம். குரோமாக்ஸ் என்ற மூலக்கூறு உருவகப்படுத்தல் மென்பொருளில் எஸ்பிசி/ஈ என்ற நீர் மாதிரியின் 900 மூலக்கூறுகள், 3 நானோமீட்டர் கனசதுரப் பெட்டி, 298 கெல்வின். விரவல் கெழு (மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு) நொடிக்கு சுமார் 2.5×10⁻⁵ சதுர செ.மீ. வருகிறது. பெட்டி சிறியது என்பதால் யே-ஹம்மர் திருத்தம் (சிறு பெட்டியில் விரவல் குறைவாகத் தெரிவதைச் சரிசெய்வது) கட்டாயம் வேண்டும், கிட்டத்தட்ட 0.28×10⁻⁵ கூடும். உண்மை நீரின் 2.3×10⁻⁵-ஐத் தாண்டுவது மாதிரியின் இயல்பு, அதில் குழப்பமில்லை.

சிக்கல் பாகுநிலையில்தான். திருத்தத்தின் சூத்திரத்தில் பாகுநிலையும் வருகிறது; அங்கே சோதனை மதிப்பான 0.89 மில்லிபாஸ்கல்-நொடியைப் போடக் கூடாது, மாதிரியின் சொந்த மதிப்பே வேண்டும். ஆனால் கிரீன்-குபோ தொகையீடு (அழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களிலிருந்து பாகுநிலையைக் கணிப்பது) 5 பிகோநொடிக்குப் பிறகு தட்டையாகாமல் அலைகிறது. அழுத்தத்தின் மூலைவிட்டமல்லாத கூறுகளை 4 ஃபெம்டோநொடிக்கு ஒருமுறை சேமிக்கிறேன், 10 நானோநொடி ஓட்டம்.

தொகையீட்டை எங்கே வெட்டுவீர்கள்? ஒரே நீண்ட ஓட்டமா, இருபது தனி ஓட்டங்களின் சராசரியா? 4, 5, 6 நானோமீட்டர் பெட்டிகளில் ஓட்டி, விரவல் கெழுவைப் பெட்டி நீளத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து நேர்கோடு பொருத்தியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.