டிரைபாடில் வைத்தும் இரவுப் படம் மங்கலாகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரவில் பாலத்தையும் தெருவிளக்குகளையும் எடுக்க ஒரு மாதமாக முயல்கிறேன். கேமரா டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி உள்ளது; படம் எடுக்கும்போது அது மேலே எழும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, கையால் ஃபோகஸ். லைவ் வியூவில் (பின்திரையில் நேரடிக் காட்சி) தூரத்து விளக்கைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸைப் பூட்டுகிறேன். லென்ஸின் அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிட்டேன். 2 விநாடி டைமர்.

என்னைக் குழப்புவது இதுதான்: ஷட்டரை 20 விநாடி திறந்துவைத்து எடுத்த படம் கூர்மையாக வருகிறது. அரை விநாடி, கால் விநாடி படங்களில்தான் விளக்குகள் இரட்டையாகத் தெரிகின்றன. காற்று காரணமென்றால் நீண்ட படம்தானே முதலில் கெட வேண்டும்? கண்ணாடி மேலே எழும் அதிர்வு என்று சந்தேகம். 20 விநாடியில் அந்த நடுக்கம் ஒரு துளி நேரம். கால் விநாடியில் அதுவே பெரும்பங்கு. ஆனால் டிரைபாடின் நடுத்தண்டை முழுக்க உயர்த்தித்தான் எடுத்தேன், அதுவும் உறுத்துகிறது.

கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை விநாடி இடைவெளி விடுகிறீர்கள்? நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் நிலைக்குமா, காற்றில் பையே ஆடுமா? ரிமோட் இல்லை, தேவையென்றால் வாங்கிவிடுகிறேன். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களையும் கீழே இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.