ஆங்கிலத்தில் எழுவாய், வினை இயைபு: பயிற்சித்தாள் தேவை

வணக்கம் உறவுகளே. இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு சனசமூக நிலையத்தில், க.பொ.த. சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.

‘ஷீ கோஸ்’, ‘தே கோ’ எல்லாம் சரியாக எழுதுகிறார்கள். ‘த பொக்ஸ் ஒஃப் மாங்கோஸ்’ என்று தொடங்கினால் மட்டும் ‘ஆர்’ போட்டுவிடுகிறார்கள். பெட்டி ஒன்றுதான், ‘இஸ்’ வரவேண்டும். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ‘மாம்பழப் பெட்டி கனமாக இருக்கிறது’ என்னும்போது தமிழில் பெட்டிதான் வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் பக்கத்துப் பெயரையே பிடிக்கிறார்கள்.

இதைத் திருத்தியதும் ‘இதுவுமில்லை, அதுவுமில்லை’ என்னும் பொருள் தரும் ‘நைதர், நோர்’ வருகிறது. அங்கே பக்கத்துப் பெயரோடுதான் வினை இயையவேண்டும்! பாவம், முகம் வாடிவிடுகிறது.

இவ்விரண்டையும் பிரித்துப் பழக்கும் பயிற்சித்தாள் இருந்தால் அனுப்புங்கள். குளம், வயல், சந்தை என்று இவர்கள் அறிந்தவற்றை வைத்த வாக்கியங்களானால் மிக நல்லது. இங்கே சிக்னல் அடிக்கடி போய்விடும், ஆகவே காணொளி வேண்டாம். அச்சிடக்கூடிய பக்கங்களே உதவும்.

இன்னொன்று: ‘டீம்’ என்பதற்குப் பிரித்தானிய வழக்கில் ‘இஸ்’, ‘ஆர்’ இரண்டும் உண்டு. விடைத்தாள் திருத்திய அனுபவமுள்ள ஆசிரியர்கள், பரீட்சைக்கு எதைப் பழக்கலாம் என்று சொல்லுங்கள்.